வலப்பக்கம் மட்டும் வழுக்கிய ஸ்டியரிங்: பர்கூர் குவாரி வண்டி ஒன்றின் வால்வு ஆய்வு

வண்டி ஒரு பேக்ஹோ, அதாவது முன்னால் அள்ளும் பக்கெட்டும் பின்னால் தோண்டும் கையும் உள்ளது. கிருஷ்ணகிரி மாவட்டம் பர்கூர் பக்கம் ஒரு கிரானைட் குவாரியில் மேல்மண் தள்ளுவது, உடைந்த கல்லை அள்ளுவது, கல் அறுக்கும் இடத்தில் தேங்கும் சேற்றை வாரி ஓரம் கட்டுவது என்று ஓடிக்கொண்டிருந்தது. மீட்டரில் ஆறாயிரம் மணி நேரத்துக்கு மேல் காட்டியது. முன் சக்கரம் மட்டும் திரும்பும் வகை. ஸ்டியரிங் வீலுக்கும் சக்கரத்துக்கும் இடையில் இரும்புத் தண்டு எதுவும் கிடையாது. வீலுக்கு அடியில் ஒரு ஹைட்ராலிக் வால்வு, அதிலிருந்து இரண்டு ஹோஸ், முன் ஆக்ஸிலில் இரண்டு பக்கமும் ராடு நீட்டிய ஒரு சிலிண்டர், அவ்வளவுதான். அந்த வால்வை நம் பட்டறைகளில் ஆர்பிட்ரோல் என்பார்கள், எந்தக் கம்பெனி செய்திருந்தாலும்.

ஓனர் சொன்ன புகார் ஒரே வரி. "வால்வு புதுசு போட்டு ஒரு வருசம்கூட ஆகலைங்க, மறுபடியும் அதே ஸ்டியரிங் பிரச்சினை." இடையில் வேறொரு இடத்தில் காட்டியிருக்கிறார். அவர்கள் பம்ப் போய்விட்டது என்று விலையும் சொல்லிவிட்டார்கள். பாலக்கோடு பக்கம் ஏரி தூர்வாரும் வேலை ஒன்று கையில் இருந்தது. அதற்கு வண்டி ரோட்டில் ஓடியே போக வேண்டும். பம்பை வாங்கிப் போட்டுவிடலாமா என்று கேட்கத்தான் வந்திருந்தார். கழற்றிய பழைய வால்வை எடைக்குப் போடாமல் சாக்கில் கட்டி வைத்திருக்கிறார் என்பது பேச்சுவாக்கில் தெரிந்தது. அதையும் எடுத்து வரச் சொன்னோம். இந்த ஆய்வு ஓரளவாவது உருப்படியாக வந்ததற்கு அந்தச் சாக்குதான் காரணம்.

ஆபரேட்டரைத் தனியாக உட்கார வைத்துக் கேட்டபோது படம் மாறியது. "முன்னாடி இருந்த வால்வுல, வீலை விட்டாலும் அது பாட்டுக்குச் சுத்திட்டே போவும்ணே. இப்ப அப்படி இல்ல. ரைட்டுல ஒடிச்சா டயர் பாதியில நின்னுக்குது, வீல் மட்டும் சுத்துது. ரோட்டுல நேரா போறப்ப லெஃப்ட்டுல இழுக்குது. காலையில ஒண்ணும் தெரியாது, மதியத்துக்கு மேலதான்."

ஓனருக்கு இரண்டும் ஸ்டியரிங் பிரச்சினை. மெக்கானிக்கைக் கேட்டால் இவை வேறு வேறு நோய்கள். விட்ட பிறகும் வீல் தானாகச் சுற்றுவது வால்வு நடுநிலைக்குத் திரும்பாததன் அறிகுறி. வீல் சுற்றியும் டயர் திரும்பாதது எண்ணெய் எங்கேயோ உள்ளுக்குள் கசிந்து ஓடுவதன் அறிகுறி. அதுவும் ஒரு பக்கம் மட்டும். பம்புக்கு வலது இடது தெரியாது. அது அனுப்பும் எண்ணெய் எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதை முடிவு செய்வதே வால்வுதான். ஆகவே ஒரு பக்கம் மட்டும் கெட்ட ஸ்டியரிங்குக்குப் பம்ப் மாற்றச் சொன்னது எந்தக் கணக்கில் என்று புரியவில்லை.

மதியத்துக்கு மேல் மோசமாவதற்கும் காரணம் எளிது. தொட்டியில் இருந்தது 46 கிரேடு ஹைட்ராலிக் ஆயில். அதன் பாகுத்தன்மை 40 டிகிரி சூட்டில் 46 சென்டிஸ்டோக். 70 டிகிரிக்கு ஏறினால் சுமார் 15க்கு இறங்கிவிடும், அதாவது மூன்றில் ஒரு பங்கு. ஒரே இடைவெளியில் கசிவு மூன்று மடங்காகும். இதைவிட முக்கியம் இடைவெளியின் அளவு. இடைவெளி இரண்டு மடங்கானால் கசிவு எட்டு மடங்காகும், ஏனென்றால் கசிவு இடைவெளியின் மும்மடிக்கேற்பக் கூடுகிறது. காலையில் மறைத்து வைத்திருக்கும் தேய்மானத்தை மதிய வெயில் காட்டிக்கொடுத்துவிடுகிறது. குளிர்ந்த வண்டியை ஸ்டார்ட் செய்து இரண்டு திருப்பு திருப்பிப் பார்த்து "நல்லாத்தானே இருக்கு" என்று அனுப்பிவிடும் பழக்கம் நம்மிடம் உண்டு. இந்த வண்டியை பக்கெட்டைத் தூக்கி இறக்கி எண்ணெய் நன்றாகச் சூடேறிய பிறகுதான் பார்த்தோம்.

பிரிப்பதற்கு முன் பார்த்தவை

வால்வில் நான்கு வாய்கள். பி என்பது பம்பிலிருந்து வருவது, டி என்பது தொட்டிக்குப் போவது, எல், ஆர் இரண்டும் சிலிண்டரின் இடது, வலது அறைகளுக்கு. பி லைனில் கேஜ் மாட்டி இரண்டு பக்கமும் லாக் வரை, அதாவது டயர் அதற்கு மேல் திரும்பாத எல்லை வரை, திருப்பி அழுத்திப் பிடித்தோம். அழுத்தம் இரண்டு பக்கமும் ஒரே அளவுக்கு ஏறியது, மேனுவலில் சொன்ன எல்லைக்குள். பம்பும், அழுத்தம் எல்லை மீறாமல் பார்த்துக்கொள்ளும் ரிலீஃப் வால்வும் சரி. அதே நேரத்தில் இடது லாக்கில் வீல் கல் மாதிரி நின்றது, வலது லாக்கில் மெதுவாக வழுக்கிக்கொண்டே போனது.

கேஜ் சரியாகக் காட்டும்போது வீல் எப்படி வழுக்கும் என்று கூட இருந்த பையன் கேட்டான், நல்ல கேள்வி. பி-யில் இருந்து வரும் எண்ணெய் நேராக சிலிண்டருக்குப் போவதில்லை. முதலில் ஸ்பூல் (வீலோடு சுற்றும் உள் உருளை), ஸ்லீவ் (அதன் மேல் உறை போல் இருக்கும் குழாய்) வழியாக ரோட்டர் செட்டுக்குப் போகிறது. வீல் எவ்வளவு சுற்றுகிறதோ அவ்வளவு எண்ணெயை மட்டும் ரோட்டர் அளந்து விடுகிறது. அளந்த எண்ணெய் மறுபடி ஸ்பூலுக்கு வந்து அங்கிருந்து ஆர் வாய்க்குப் போகிறது. கசிவு ரோட்டருக்குப் பிறகு, ஆர் பக்கத்தில் இருந்தால், ரோட்டர் அளந்து அனுப்பிய சிறிதளவு எண்ணெய் அங்கே ஓடிப்போகும், வீல் வழுக்கும். ஆனால் பம்ப் தரும் எண்ணெய் அதைவிடப் பல மடங்கு என்பதால் பி-யில் அழுத்தம் குறையாது. பி-யில் கேஜ் மாட்டி எல்லாம் ஓகே என்று சொல்லிவிட்டால் இந்த வகைக் கோளாறு கையில் சிக்காமல் போய்விடும்.

அடுத்த கேள்வி, கசிவது வால்விலா, சிலிண்டரின் இரண்டு அறைகளையும் பிரிக்கும் பிஸ்டன் சீலிலா. எஞ்சினை நிறுத்தி, வீலை ஆட்டி அழுத்தத்தை விட்டுவிட்டு, எல், ஆர் ஹோஸ் இரண்டையும் கழற்றி வால்வின் வாய்களைச் சரியான திரெட் உள்ள எஃகுப் பிளக்கால் அடைத்தோம். பிறகு ஐட்லிங்கில் ஓடவிட்டு வீலைத் திருப்பினால், சிலிண்டரே இல்லாத நிலையில் வால்வு மட்டும் தனியாகப் பதில் சொல்லும். இடது பக்கம் வீல் நின்றது. வலது பக்கம் முன்பு போலவே வழுக்கியது. வால்வுதான். பிஸ்டன் சீல் போயிருந்தால் இரண்டு பக்கமும் வழுக்கியிருக்கும், பிளக் போட்டதும் நின்றும் இருக்கும். இந்தச் சோதனைக்கு மரக்கட்டை, பிளாஸ்டிக் மூடி, துணி சுற்றிய போல்ட் எதுவும் ஆகாது. நூறு பார் அழுத்தத்துக்கு மேல் பிய்த்துக்கொண்டு வரும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போகும், போனால் அறுவை சிகிச்சைதான்.

மேசையில்

வால்வைக் கழற்றும் முன் வெளிப்புறத்தைக் கழுவுவதில் யாரும் நேரம் செலவழிப்பதில்லை. இந்த வேலையில் பாதி அதுதான். ஸ்பூலுக்கும் ஸ்லீவுக்கும் நடுவே, ஸ்லீவுக்கும் வால்வின் வெளிக்கூடான பாடிக்கும் நடுவே இருக்கும் இடைவெளி சில மைக்ரான் கணக்கு. தலைமுடி ஒன்று எழுபது மைக்ரான் பருமன் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெறும் கண்ணுக்குத் தெரியும் தூசு எதுவும் அந்த இடைவெளிக்குப் பெரியதுதான். டீசலில் பிரஷ் போட்டுக் கழுவி, காற்றடித்து, வாய்களை அடைத்து, பிறகு மேசைக்குக் கொண்டுவந்தோம். மேசையில் சுத்தமான பிளாஸ்டிக் ஷீட். துடைப்பதற்கு நூல் பிரியாத துணி. பனியன் வேஸ்ட்டை அன்று யாரும் தொடக்கூடாது என்று சொல்லி வைத்திருந்தோம்.

பாடி, நடுத் தட்டு, ரோட்டர் வளையம், மூடி எல்லாவற்றுக்கும் குறுக்காக ஒரு பெயின்ட் கோடு போட்டுக்கொண்டு மூடியின் ஸ்க்ரூக்களைக் கழற்றினோம். அவற்றில் ஒன்று மட்டும் வேறு மாதிரி இருக்கும். அதன் துளைக்குள்தான் செக் பால் உட்கார்ந்திருக்கும். எஞ்சின் நின்றுபோனால் கையால் திருப்பும்போது தொட்டியிலிருந்து எண்ணெயை இழுத்துக்கொள்ள வழிவிடும் சின்னக் குண்டு அது. மேசையில் கவிழ்த்தால் உருண்டு ஓடிவிடும். அது இல்லாமலே பூட்டப்பட்ட வால்வு ஒன்றைப் பார்த்திருக்கிறேன். பம்ப் எண்ணெய் நேராகத் தொட்டிக்குப் போய், இரண்டு பக்கமும் ஸ்டியரிங் கல்லாகிவிட்டிருந்தது.

ஸ்பூலையும் ஸ்லீவையும் பாடியிலிருந்து உருவும்போது, இரண்டையும் கோர்த்திருக்கும் குறுக்குப் பின் படுக்கைவாட்டில் இருக்க வேண்டும். செங்குத்தாக இருந்தால் பின் நழுவி பாடியின் உட்பள்ளத்தில் மாட்டிக்கொள்ளும். மாட்டியதும் இழுத்தடிப்பார்கள், அத்தோடு பாடி முடிந்தது. மெல்ல இப்படியும் அப்படியும் திருகிக்கொண்டே வெளியே எடுக்க வேண்டும்.

கீறல் எந்தத் திசையில்

முதலில் இப்போது வண்டியில் இருந்த வால்வு, அதாவது புதியது. ஸ்லீவைத் துடைத்து டார்ச் வெளிச்சத்தைச் சாய்வாக அடித்துப் பார்த்தோம். நேராக வெளிச்சம் அடித்தால் எல்லாம் பளபளப்பாகத் தெரியும், கீறல் மறைந்துவிடும். ஆர் வாய்க்கு எண்ணெய் போகும் பள்ளத்தை ஒட்டி, எண்ணெயை அடைத்து நிறுத்தும் மேட்டுப் பகுதியில் வட்டமாகக் கோடுகள் ஓடியிருந்தன. நகத்தால் நீளவாட்டில் இழுத்தால் டிக் டிக் என்று தட்டியது. பாடியின் உட்துளையில் அதே மட்டத்தில் அதே கோடுகள். எல் பக்கத்து மேட்டில் லேசான மினுமினுப்பு மட்டும், நகத்துக்கு எதுவும் படவில்லை.

நகத்துக்குத் தட்டுவதும் கண்ணுக்குத் தெரிவதும் ஒன்றல்ல. ஓடிய வால்வில் மினுங்கும் பட்டைகள் இருக்கத்தான் செய்யும். இரண்டு பரப்பு பக்கத்தில் பக்கத்தில் பல்லாயிரம் முறை சுற்றியிருக்கிறது, மெருகேறாமல் எப்படி இருக்கும். அதைப் பார்த்து வால்வைத் தூக்கிப் போடுவது வீண். நகம் மாட்டும் பள்ளம்தான் எண்ணெய்க்குப் பாதை.

அடுத்தது கோட்டின் திசை. இந்த வால்வில் ஸ்பூலும் ஸ்லீவும் சுற்றத்தான் செய்யும், முன்னும் பின்னும் நகராது. ஆகவே ஓடும்போது விழும் கீறல் எல்லாம் வட்டவாக்கில்தான் இருக்கும். நீளவாட்டில் ஒரு கீறல் தெரிந்தால் அது யாரோ பிரித்தபோதோ பூட்டியபோதோ விழுந்தது. இந்தப் புதிய வால்வில் நீளவாட்டில் இரண்டு கோடுகள் இருந்தன. யாரேனும் இடையில் திறந்தார்களா என்று ஓனரிடம் கேட்டோம். பம்ப் மாற்றச் சொன்ன இடத்தில் "லேசாப் பிரிச்சுப் பார்த்தாங்க" என்றார். அந்த இரண்டு கோடும் ஒரு பள்ளத்தை இன்னொரு பள்ளத்தோடு இணைக்கும் இடத்தில் இல்லை என்பதால் கசிவுக்கு அவை பெரிய காரணம் இல்லை. ஆனால் வட்டக் கீறல்களோடு அவற்றையும் சேர்த்துப் பார்த்திருந்தால் "பிரித்தவன் கெடுத்தான்" என்று முடிவு கட்டியிருப்போம், உண்மைக் காரணம் தப்பித்திருக்கும்.

பிறகு ரோட்டர் செட். ஆறு பல் ரோட்டர் ஏழு குழி வளையத்துக்குள் உருண்டு ஓடும் அமைப்பு. நடுத் தட்டிலும் மூடியிலும் ரோட்டர் முகம் உரசிய இடத்தில் பூ இதழ் மாதிரி ஒரு மெருகு. அது இயல்பு. கீறல் இல்லை. சமதளத்தில் வைத்துப் பல் நுனிக்கும் வளையத்துக்கும் இடையில் ஃபீலர் கேஜ் விட்டுப் பார்த்ததில் புதிதுக்குரிய அளவுதான். மைக்ரோமீட்டரில் ரோட்டரின் தடிமனையும் வளையத்தின் தடிமனையும் அளந்து ஒப்பிட்டோம், வித்தியாசம் மேனுவல் எல்லைக்கு வெகு உள்ளே.

இந்த இடத்தில்தான் வழக்கு திரும்பியது. அழுக்கு தொட்டியிலிருந்தோ பம்பிலிருந்தோ வந்திருந்தால் முதலில் ரோட்டரைத்தான் கடித்திருக்கும், ஏனென்றால் பி-யில் நுழையும் ஒவ்வொரு துளியும் ரோட்டர் வழியாகத்தான் சிலிண்டருக்குப் போக முடியும். ரோட்டர் சுத்தமாக இருக்கிறது, ஆர் மேடு மட்டும் கிழிந்திருக்கிறது என்றால் அழுக்கு ரோட்டரைத் தொடாத ஒரு வழியில் வந்திருக்கிறது. அப்படி ஒரே ஒரு வழிதான் உண்டு. சிலிண்டரிலிருந்து திரும்பி வரும் எண்ணெய் ரோட்டருக்குப் போகாமல் ஸ்பூல், ஸ்லீவ் வழியாக நேராக டி-க்குப் போய்விடுகிறது.

கொஞ்சம் நிதானமாக யோசித்துப் பார்த்தால் இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஆர் வாய் வழியாக எண்ணெய் திரும்பி வருவது வலது பக்கம் திருப்பும்போது அல்ல, இடது பக்கம் திருப்பும்போது. ஒவ்வொரு முறை இடது பக்கம் ஒடித்தபோதும் வலது அறையின் அழுக்கு எண்ணெய் ஆர் மேட்டைத் தேய்த்துக்கொண்டு தொட்டிக்குப் போனது. தேய்ந்த மேடு தன்னைக் காட்டிக்கொண்டது வலது பக்கம் திருப்பி அதே இடத்தில் அழுத்தம் ஏறியபோது. நேராக ஓடும்போது இடது பக்கம் இழுத்ததற்கும் இதுதான் விளக்கம். வலது அறையைப் பூட்டி வைக்க வேண்டிய மேடு பூட்டவில்லை, ரோட்டின் தள்ளலுக்கு அறை மெல்ல விட்டுக்கொடுத்தது.

இனி சாக்கிலிருந்த பழைய வால்வு. பிரித்தவுடனே காரணம் கையில் வந்தது. ஸ்பூலையும் ஸ்லீவையும் நடுநிலைக்குத் திரும்ப இழுக்கும் தகட்டு ஸ்ப்ரிங் அடுக்கில் ஒன்று இரண்டாக உடைந்திருந்தது, இன்னொன்று வளைவு போய்த் தட்டையாகியிருந்தது. வீலைத் திருப்பும்போது ஸ்பூல் ஸ்லீவை விடச் சில டிகிரி முந்திக்கொண்டு போய் வழியைத் திறக்கிறது. வீலை விட்டதும் அந்தச் சில டிகிரியைத் திரும்பக் கொண்டுவருவது இந்த ஸ்ப்ரிங்தான். அது செத்தால் வழி மூடாது, எண்ணெய் ரோட்டரைச் சுற்றிக்கொண்டே இருக்கும், வீல் தானாகச் சுற்றும். ஆபரேட்டர் சொன்ன முதல் நோய் இதுவே. ரோட்டருக்கும், அதை ஸ்லீவோடு இணைக்கும் நடுத் தண்டுக்கும் பல் பொருத்தம் ஒரு பல் தவறினாலும் இதே மாதிரி வீல் சுற்றும், இன்னும் வேகமாக. அதனால் அதையும் பார்த்தோம், சரியாகவே இருந்தது.

பழையதில் மற்ற பாகங்கள் வயதுக்குத் தகுந்த தேய்மானத்தோடு இருந்தன. குறுக்குப் பின்னில் ஸ்லீவ் துளை படும் இடத்தில் சின்னத் தட்டை. துளை நீள்வட்டமாகியிருந்தால் கவலைப்பட வேண்டும், ஆகவில்லை. நடுத் தண்டின் பற்களில் ஒரு பக்கம் மெருகு, படி விழவில்லை. ஊசி பேரிங் சத்தமில்லாமல் ஓடியது. ஓ-ரிங்குகள் எல்லாம் சப்பையாகி, நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழாத அளவுக்கு இறுகியிருந்தன. சூட்டால் நீலம் பாய்ந்த இடம் எங்கும் இல்லை.

ஆர் மேட்டில் மட்டும் டார்ச்சைச் சாய்த்தால் மெல்லிய வட்டக் கோடுகள். நகத்துக்குத் தட்டவில்லை. அதாவது புதிய வால்வைக் கொன்ற அழுக்கு பழைய வால்வின் கடைசிக் காலத்திலேயே வரத் தொடங்கிவிட்டது. அன்று வால்வைப் பிரித்துப் பார்க்காமல் புதியதை மாட்டியதால் ஸ்ப்ரிங் நோய் தீர்ந்தது, அழுக்கு மட்டும் தன் வேலையைத் தொடர்ந்தது.

ராடு

சிலிண்டரைப் பார்க்கப் போனால், பதில் எப்போதும் வெளியே தெரிந்தபடிதான் இருந்திருக்கிறது. வலது அறைப் பக்கத்து கிளாண்டில், அதாவது ராடு வெளியே வரும் சீல் மூடியில், சாம்பல் நிறத்தில் எண்ணெயும் கல்மாவும் குழைந்த களிம்பு. "அது எப்பவும் லேசா ஈரமாத்தாண்ணே இருக்கும்" என்றார் ஆபரேட்டர். துடைத்துவிட்டுப் பார்த்தால் ராடின் குரோம் பூச்சு ஓரிடத்தில் கல் பட்டுப் பிய்ந்து, சுற்றிலும் துருப் புள்ளிகள். அந்த இடம் உள்ளே வெளியே போய்வரும்போது தூசு வழிக்கும் வைப்பர் சீலின் உதட்டைக் கிழித்திருந்தது. ராடு வெளியே நீண்டிருக்கும்போது பள்ளங்களில் களிம்பு ஏறும். உள்ளே போகும்போது வழிக்க வைப்பர் இல்லை, அத்தனையும் வலது அறைக்குள். மறுபக்கத்து ராடும் கிளாண்டும் உலர்ந்து சுத்தமாக இருந்தன.

இந்தப் பகுதியின் கல்லைப் பற்றி ஒரு வார்த்தை. கிரானைட் என்றால் பெரும்பாலும் குவார்ட்சும் ஃபெல்ட்ஸ்பாரும். மோ அளவுகோலில் குவார்ட்ஸின் கடினம் 7. சூடுபடுத்திக் கெட்டியாக்கிய எஃகைக்கூட அது கீறும். வயலில் ஓடும் டிராக்டரின் மண் தூசுக்கும் கல் அறுக்கும் இடத்துச் சேற்றுக்கும் உள்ள வித்தியாசத்தை ஸ்டியரிங் சிலிண்டர்தான் முதலில் உணர்கிறது. வைர வயர் போட்டுத் தண்ணீர் ஊற்றி அறுக்கும்போது கல் மாவாகிச் சேறாக ஓடுகிறது. அதில் தாழ்வாகத் தொங்கும் முன் ஆக்ஸில் நாள் முழுக்கக் குளிக்கிறது. பிறகு வெயிலில் காய்ந்து ராடின் மேல் ஒரு உப்புத்தாள் போல ஒட்டிக்கொள்கிறது.

ஆர் ஹோஸிலிருந்து வடித்த எண்ணெயை வெள்ளைத் துணியில் வடிகட்டினோம். அடியில் தங்கியதைக் காந்தம் கொண்டு தடவியதில் கொஞ்சம் கருந்துகள் ஒட்டியது, மீதி ஒட்டவில்லை. ஒட்டாததை இரண்டு கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவே வைத்துத் தேய்த்ததும் கரகரவென்று கீறியது. லேபுக்கு அனுப்பினால் ஐஎஸ்ஓ 4406 கணக்கில் துகள் எண்ணித் தருவார்கள். இந்த முடிவுக்கு அது தேவைப்படவில்லை. எல் ஹோஸில் வடித்த எண்ணெயில் அந்தக் கரகரப்பு இல்லை. தொட்டி ஃபில்டரை அறுத்து விரித்துப் பார்த்தோம். மடிப்புகளில் அதே சாம்பல் மாவு இருந்தது. ஃபில்டர் பிடித்து வைத்ததால்தான் ரோட்டரும் பம்பும் தப்பித்திருக்கின்றன.

எதை மாற்றினோம், எதை விட்டோம்

புதிய வால்வைக் காப்பாற்ற வழியில்லை. ஸ்பூல், ஸ்லீவ், பாடி மூன்றும் ஒன்றோடு ஒன்று பொருத்தி அரைத்தவை. ஸ்லீவ் மட்டும் வாங்கிப் போட முடியாது. வால்வ் லேப்பிங் பேஸ்ட் போட்டுத் தேய்த்துத் தருகிறேன் என்று சொல்பவர்கள் உண்டு. தேய்த்தால் கீறல் போகும், கூடவே இடைவெளி கூடும், மும்மடிக் கணக்கு அங்கே காத்திருக்கிறது.

பழைய வால்வுக்கு ஸ்ப்ரிங் செட், சீல் கிட் போதும் என்று முடிவு செய்தோம். சாக்கில் கிடந்தது மறுபடி வண்டிக்குப் போகிறது என்றதும் ஓனருக்கு நம்பிக்கை வரவில்லை. "பழசையே போடச் சொல்றீங்களாண்ணே?" என்றார். இரண்டு ஸ்லீவையும் அவர் கையில் கொடுத்து நகத்தால் இழுத்துப் பார்க்கச் சொன்னோம். எண்ணெய் தடவிய ஸ்பூலைச் செங்குத்தாகப் பிடித்த ஸ்லீவுக்குள் விட்டால் தன் எடையில் மெதுவாக இறங்க வேண்டும். பழையதில் நிதானமாக இறங்கியது. புதியதில் ஒரே இறக்கம். அதற்குப் பிறகு அவர் கேள்வி கேட்கவில்லை.

ராடுக்கு ஓசூரில் ஹார்டு குரோம் போட்டுக் கிரைண்டிங் செய்து வாங்கினோம். இரண்டு கிளாண்டுக்கும் முழு சீல் கிட், வலது பக்கம் மட்டும் போடலாம் என்ற யோசனையை ஏற்கவில்லை. ஹோஸ் இரண்டையும் உட்புறம் கழுவிக் காற்றடித்தோம். ஆர் ஹோஸின் உள்ரப்பரில் மாவு பதிந்து வரவில்லை, அதனால் அதைப் புதியதாக்கினோம். தொட்டியைக் காலி செய்து கழுவி, புது ஃபில்டர், புது எண்ணெய். தொட்டி மூச்சுவிடும் பிரீதரில் அடைத்திருந்த தூசைப் பார்த்து அதையும் மாற்றினோம். பம்பைத் தொடவில்லை.

பூட்டும்போது ஒவ்வொரு பாகத்துக்கும் சுத்தமான ஹைட்ராலிக் ஆயில் தடவி, நடுத் தண்டின் வெட்டுக்கு நேரே ரோட்டரின் பல் இடைக் குழி வரும்படி வைத்து, மூடியின் ஸ்க்ரூக்களை எதிரெதிராக டார்க் ரெஞ்சில் படிப்படியாக இறுக்கினோம். ஒரே மூச்சில் ஒரு பக்கம் இறுக்கினால் ரோட்டர் பிடித்துக்கொள்ளும். முன் சக்கரங்களைத் தரையிலிருந்து தூக்கி, ஐட்லிங்கில் லாக்கிலிருந்து லாக்குக்கு மெதுவாகத் திருப்பி, தொட்டியில் நுரை அடங்கும் வரை காற்று எடுத்தோம்.

எண்ணெய் சூடேறியதும் பழைய சோதனைகள் மறுபடி. பிளக் போட்டு இரண்டு பக்கமும் திருப்பினால் வீல் முன்பு போல வழுக்கவில்லை. ஹோஸ் மாட்டிய பின் வலது லாக்கில் லேசான நகர்வு இருந்தது, மேனுவல் அனுமதிக்கும் அளவுக்குள், இடது பக்கத்தைவிட ஒரு சாண் அதிகம். அந்த மெல்லிய கோடுகளின் விலை அது. வீலை விட்டால் அங்கேயே நின்றது. ரோட்டில் கிருஷ்ணகிரி வரை ஓட்டிப் பார்த்ததில் இழுப்பு இல்லை.

செலவில் பெரிய தொகை குரோம் வேலைக்கும் எண்ணெய்க்கும் போனது. பம்புக்குச் சொல்லப்பட்டிருந்த விலையில் பாதிக்கும் குறைவுதான் மொத்தம். கெட்ட புதிய வால்வை விற்ற கடையில் காட்டி மாற்றித் தரக் கேட்டிருக்கிறார் ஓனர். அழுக்கால் வந்த கீறலுக்கு வாரன்டி இல்லை என்று சொல்லியிருக்கிறார்கள். அதில் அவர்களைக் குறை சொல்ல முடியாது. அந்த வால்வின் ரோட்டர் செட், பேரிங், ஸ்ப்ரிங், மூடி எல்லாம் நல்ல நிலையில் இருக்கின்றன. துடைத்து எண்ணெய் தடவி, அளவுகளை எழுதிய சீட்டோடு ஒரு டப்பாவில் போட்டு அவரிடமே கொடுத்துவிட்டோம். ஆபரேட்டரிடம் சொன்னது ஒன்றுதான். சாயங்காலம் வண்டியை நிறுத்தும் முன் முன் ஆக்ஸிலைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவு, ராடைக் கையால் தடவிப் பார், கிளாண்டு ஈரமாகத் தெரிந்தால் மறுநாள் ஓட்டுவதற்கு முன் போன் செய்.